வேண்டுதல் எண்ணெய்

அப்போதெல்லாம் சனிக்கிழமை விடிந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். பெருமாளுக்கு உகந்த நாளை இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே. குளித்து, விளக்கேற்றி, துளசி சாத்திக் கும்பிட்டு நிற்கும்போதே காது வாசல் பக்கம் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் தூக்குவாளியோடு என் நாத்தனார் எங்கள் தெருவுக்குள் திரும்புவார். அவர் வருவதற்கு முன்னால் அந்த எண்ணெய் வாடை வரும்.

மூடி போட்ட எவர்சில்வர் தூக்குதான். மேலே மஞ்சள் துணி வேறு கட்டியிருக்கும். இருந்தும் வாடை வரும். அடுத்த வீட்டு அம்மா தெலுங்கு பேசுகிறவர். ஒரு தடவை மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏமம்மா, உங்க வீட்ல மோட்டார் ஏதும் கருகுதா?" என்று கேட்டார்.

"எங்க மதினி பிரசாதம் கொண்டாந்திருக்காக" என்றேன்.

அவ்வளவுதான். கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிரசாதம் என்று சொன்ன பிறகு யார் வாய் திறப்பார்கள்? நானே எத்தனை மாதம் வாய் திறக்காமல் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் தறி பார்க்கிறவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வேலையில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோய் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்குச் சின்ன வயதிலேயே தாய் போய்விட்டதால் அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஆஸ்பத்திரி வராந்தாவில், கொண்டை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல், அந்த அக்கா தரையில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அங்கே வைத்துத்தான் வேண்டிக்கொண்டார்.

"ஆஞ்சநேயா, ஏந்தம்பிய எந்திரிச்சு நடக்க வையி. வாராவாரம் சனிக்கிழமை ஒனக்கு வடமாலை சாத்துதேன். சாத்தின வடைய அவன் வாயில போடுதேன்."

நானும் பக்கத்தில் நின்று கைகூப்பினேன். எழுந்தார், நடந்தார், திரும்பவும் தறிக்குப் போனார். சாமி தன் பேச்சைக் காப்பாற்றியது. நாத்தனாரும் தன் பேச்சைக் காப்பாற்றினார். அங்கேதான் வினை.

வடைமாலைக்குச் சுடுகிற வடை, நாம் வீட்டில் சுடுகிற மெதுவடை இல்லை. உளுந்தைக் கெட்டியாகக் கொரகொரவென்று அரைத்து, மிளகைத் தட்டிப் போட்டு, தட்டையாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஈரப்பசை துளியும் இல்லாமல் வேகவிட வேண்டும். நூலில் கோக்கும்போது உடையக் கூடாது. ஒரு ஈடு வேகவே நேரம் பிடிக்கும். காலைப் பூசைக்குள் வடைமாலை ஆஞ்சநேயர் சன்னதிக்குப் போக வேண்டும் என்கிற அவசரத்தில் நாத்தனார் அடுப்பைக் குறைக்கவே மாட்டார். எண்ணெய் புகைந்தாலும் எரியட்டும் என்பார். மாலை சாத்தி முடிந்ததும் பாதியைச் சன்னதியிலேயே கொடுத்துவிட்டு, மீதியைத் தூக்கில் போட்டுக்கொண்டு தம்பிக்குப் பஸ் ஏறிவிடுவார்.

முதல் நாலைந்து வாரம் நன்றாகத்தான் இருந்தது. பொன் நிறத்தில் இருக்கும். மிளகு வாசனை வரும். நானே ஒன்று கூடுதலாக எடுத்துத் தின்றிருக்கிறேன். பிறகு பிறகு வடையின் நிறம் மாறியது. செம்மண் நிறமானது. பிறகு அதுவும் போய்ச் சுட்ட செங்கல் மாதிரி ஆனது. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. வாயில் போட்டால் மிளகுக்குப் பதிலாகத் தொண்டையில் ஒரு காறல். பழைய பேப்பரில் வைத்தால் எழுத்தெல்லாம் மறுபக்கம் தெரியும் அளவுக்கு எண்ணெய் கக்கும்.

என் வீட்டுக்காரர் தின்றார். அக்கா எதிரே உட்கார்ந்து பார்க்கும்போது தின்னாமல் என்ன செய்வார்? "ஏட்டி, ஏந்தம்பிக்கு எடுத்து வை" என்று என்னிடம் அதட்டல். அவரிடம், "சாப்பிடுலே. ஆஞ்சநேயர் கழுத்துல கிடந்தது" என்று கெஞ்சல். மூன்று, நான்கு என்று உள்ளே போகும். சாயங்காலம் நெஞ்சு எரிகிறது என்று தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் விடுகிற ஏப்பத்தில் அந்த வாடை எனக்கு அடிக்கும். எனக்குப் பயம் பாதி, கோபம் பாதி. நெஞ்சு என்று அவர் கை போகும்போதெல்லாம் மதுரை வராந்தா ஞாபகம் வரும்.

மாதாந்திரப் பரிசோதனைக்கு இங்கே ஒரு டாக்டரிடம் போவோம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் முகத்தைச் சுருக்கினார். கொழுப்பு ஏறியிருக்கிறது என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"இட்லி, ரசஞ்சோறு. வேற ஒண்ணுமில்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வட" என்றேன் நான்.

"அது கோயில் பிரசாதம் சார்."

டாக்டர் நெற்றியிலும் விபூதி இருந்தது. சிரித்தார். "பிரசாதம்னா தீர்த்தம், துளசி. எண்ணெய்ல முங்கி எந்திரிச்சது எந்தக் கோயில்ல இருந்து வந்தாலும் எண்ணெய்தானேய்யா. சரி, அதையாவது புது எண்ணெய்ல சுடுறாகளா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவராகவே சொன்னார். எண்ணெய்க்கு ஒரு தாங்கும் சூடு உண்டு, அதைத் தாண்டிப் புகை கிளம்பிவிட்டால் அது உடைய ஆரம்பித்துவிடுகிறது, ஆறவைத்து மறுபடி சுட வைக்கச் சுட வைக்க இன்னும் உடைகிறது, கறுப்பாவதும் கெட்டியாவதும் நுரை கட்டுவதும் அதற்கு அடையாளம், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தொடவே கூடாது என்றார். நான் எட்டாவதோடு நின்றவள். அவர் சொன்னதில் பாதிப் பெயர்கள் எனக்கு விளங்கவில்லை. 'உடைகிறது' என்ற சொல் மட்டும் விளங்கியது. பால் முறிவதைப் பார்த்தவளுக்கு எண்ணெய் முறிவது விளங்காதா?

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார். "அக்காகிட்ட இத சொல்லீறாத. ஒடஞ்சு போயிருவா."

"அவிய ஒடையக் கூடாது, நீங்க ஒடஞ்சா பரவால்லியா?"

"அக்கா குடுத்து எனக்கு என்னைக்கு என்ன ஆயிருக்கு?"

"அப்பம் மதுரைல வச்ச ஸ்டென்ட்டக் கழத்தி ஒங்க அக்கா கையில குடுத்திருங்க. அவியளே பாத்துக்கிடட்டும்."

அவர் எனக்கு நாலடி முன்னால் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் முந்திக்கொண்டேன். அவர் எழுவதற்கு முன்பே முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். நாத்தனார் வீடு மடவார் வளாகத்துப் பக்கம். போகும் வழியில் வைத்தியநாத சுவாமி கோபுரத்தைப் பார்த்து, 'பேரிலேயே வைத்தியத்தை வைத்திருக்கிறவனே, எனக்கு நாக்கில் பொறுமையைக் கொடு' என்று வேண்டிக்கொண்டேன். கொடுக்கவில்லை.

அடுப்படிக்குள் நுழைந்ததும் கண் எரிந்து தண்ணீர் வந்தது. புகை சுவரெல்லாம் அப்பிக் கிடந்தது. இரும்புச் சட்டியின் விளிம்பில் வேப்பம்பிசின் மாதிரி மஞ்சளும் கறுப்புமாக ஒரு வளையம் உறைந்திருந்தது. உள்ளே இருந்ததை எண்ணெய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. வடையைப் போட்டதும் சடசடவென்று பொரியாமல் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை பொங்கி மேலே ஏறியது. நாத்தனார் சிறு உருண்டை புளியை எடுத்து அதில் போட்டார். நுரை அடங்கியது. அடங்கியதும் என்னைப் பார்த்தார்.

"என்னட்டி, விடியக்காலைல? எந்தம்பி நல்லாருக்கான்லா?"

"இருக்காக மதினி. இது எப்பம் ஊத்துன எண்ணெய்?"

"முத மாலைக்கு ஊத்துனது. கொறையக் கொறைய ஊத்திக்கிடுதேன்."

விரல் விட்டு எண்ணினேன். முதல் மாலை சாத்தியது ஆனி மாதம். அப்போது நடந்தது ஐப்பசி.

"ஒரு தடவகூடக் கொட்டலியா?"

"சாமிக்குச் சுட்ட எண்ணெயக் கொட்டுவாகளாட்டி? வேண்டுதல் முறிஞ்சு போகாது? யாருக்கு வேண்டுன வேண்டுதல்னு நெனப்பு இருக்கா ஒனக்கு?"

அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அது கஞ்சத்தனம் இல்லை. கஞ்சத்தனமாக இருந்திருந்தால் நான் சுலபமாகத் திட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் தம்பியின் உயிரை அந்தச் சட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். சட்டி காலியானால் அவன் போய்விடுவான் என்று நம்பினார். அந்த நம்பிக்கையே வாரம் தவறாமல் தம்பியின் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுவிட்டு வடையைத் திருப்பிப் போட்டார்.

"ஒங்க வீட்ல பொரிச்ச எண்ணெயத் தாளிக்கவே மாட்டியோ? பெரிய மில்லு மொதலாளி பொண்டாட்டி!"

"தாளிப்போம் மதினி. அப்பளம் பொரிச்சத மறுநாள் தாளிச்சுத் தீப்போம். ஆனி மாசத்து எண்ணெய ஐப்பசி வரைக்கும் ஓட்ட மாட்டோம்."

"இது எண்ணெய் இல்லட்டி. சாமிது."

"சாமிதுன்னு அடுப்புக்குத் தெரியுமா?"

கரண்டியை நங்கென்று சட்டியில் வைத்தார். "என் வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு எஞ்சாமியப் பேசுத. வெளிய போ."

வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கும் மத்தியானம் தூக்கு வந்தது. என் வீட்டுக்காரரும் தின்றார். என்னைப் பார்க்காமல் தின்றார்.

நான் தோற்றுப்போகிற ரகம் இல்லை. அடுத்த வாரம் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் ஒரு கேன் வாங்கித் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுபோனேன். நல்ல எண்ணெய். மூடியைத் திறந்தால் வறுத்த கடலை வாசம் வரும். அதை அவர் முன்னால் வைத்து, என் கோபத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, "மதினி, இது என் பங்கு. இந்த வாரம் இதுல சுடுங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கேனை எடுத்தார். மூடியைத் திறந்தார். பழைய சட்டிக்குள் கவிழ்த்தார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார்.

"போதுமா? ஒம்பங்கும் சேந்துட்டு" என்றார்.

மேலே பொன்னாக விழுந்த எண்ணெய் கீழே இருந்த கறுப்போடு கலந்து ஒரே நிறமானதை நான் நின்று பார்த்தேன். புதுசை ஊற்றினால் பழசு நல்லதாகிவிடும் என்று அவர் நினைத்தார். புதுப்பாலில் ஒரு கரண்டி மோர் விழுந்தால் மோரா பாலாகிறது? பழசு புதுசையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு அந்தச் சட்டி இன்னும் சீக்கிரமாகவே புகைந்தது. அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு நான் ஒரு வார்த்தை சொன்னேன். எழுதக் கூடிய வார்த்தை இல்லை. அவரும் திருப்பிச் சொன்னார். அதுவும் எழுதக் கூடியது இல்லை. எங்கள் இரண்டு பேர் வாயிலும் அன்றைக்குச் சாமி இல்லை.

வீட்டில் இன்னும் மோசம். இனிமேல் அந்த வடையை இந்த வாசற்படி ஏற விட மாட்டேன் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தட்டைத் தள்ளியதில்லை.

"எங்க அம்மா மொகம் எனக்குத் தெரியாது. அவ மொகம்தான் தெரியும். அவ குடுத்தத வேண்டாம்னு சொல்ல என்னால ஆகாதுட்டி. செத்தாலும் தின்னுட்டுச் சாவுதேன்."

"நீங்க போயிட்டா எனக்குன்னு வேண்டிக்கிட யாரு இருக்கா?" என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

சாமியறையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். 'மலையையே தூக்கிக்கொண்டு வந்து உயிர் காப்பாற்றினவனாமே நீ? உன் கழுத்தில் விழுகிற மாலை ஒரு மனுஷனைக் கொல்லுகிறது, உனக்கு மூக்கில்லையா? அந்த நாற்றம் உனக்கு அடிக்கவில்லையா?' என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே பொறி தட்டியது. அவனுக்கு அடிக்குமே! எனக்கே அடிக்கிறதே, கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு அடிக்காதா? இத்தனை நாள் நான் என் புருஷன் வயிற்றுக்காகவே பேசிக்கொண்டிருந்தேன். நாத்தனாரோ சாமிக்காகப் பேசிக்கொண்டிருந்தார். சாமிக்காக யாரும் அந்தச் சட்டியைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்காரரையும் கிளப்பினேன். "வாங்க. மாலை சாத்துறதப் போயிப் பாப்போம். ஒங்களுக்குத்தான சாத்துறாக" என்றேன். அக்கா வீடு என்றதும் வந்தார்.

நாத்தனார் தெருக்கோடியில் சின்னச் சன்னதி. ஆஞ்சநேயர் ஆள் உயரம்கூட இல்லை. நாங்கள் போனபோது மாலை தட்டில் இருந்தது. செங்கல் செங்கலாகக் கோத்த மாலை. பூசாரி அதைக் கையில் எடுக்கப் போனார். நான் கூப்பிட்டேன்.

"சாமி, ஒரு நேரம் படைச்சு மிஞ்சினத எடுத்து மறுநேரம் சாமிக்குப் படைக்கலாமா?"

"கூடாதும்மா. மிச்சம் எப்படிப் படைக்க?" என்றார் அவர், பழக்கத்தில் வருகிற பதிலாக.

"எண்ணெயா இருந்தா?"

பூசாரி என்னைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொண்டார். "குடும்பச் சண்டையச் சன்னதிக்குள்ள கொண்டாராதீகம்மா" என்று சொல்லிவிட்டு, தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனவர்தான். வரவே இல்லை.

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "என்னட்டி கேட்ட? என்ன கேட்ட இப்பம்?"

"மதினி, மொத வாரம் சுட்டு சாமிக்குப் படைச்சீக. பொறவு மிஞ்சின எண்ணெய் என்ன? பிரசாதந்தான? அத எடுத்துத்தான ரெண்டாவது வாரம் சுட்டீக? மூணாவது வாரம் அதுல மிஞ்சினத எடுத்தீக. நேத்துத் தின்ன எலைய வழிச்சுப் போட்டு இன்னைக்கு ஆஞ்சநேயருக்கு எல போடுவீகளா? இத்தன மாசமா அவருக்கு மிச்சத்தத்தான் மாலையாப் போட்டிருக்கீக."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் திருப்பிக் கத்தியிருப்பார். அவர் முகம் வெளுத்துப்போனது. அவருக்கு டாக்டர் ஒரு பொருட்டில்லை. கொழுப்பு, நுரை, புகை ஒன்றும் அவரைத் தொடவில்லை. 'மிச்சம்' என்ற சொல் தொட்டது. மாலையை ஒரு தடவை குனிந்து மோந்து பார்த்தார். இவ்வளவு நாள் அதை மோந்திருக்க மாட்டார். சாமிக்குப் போகிறதை யாரும் மோக்க மாட்டோம் இல்லையா?

மாலையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். உள்ளே போனவர் ஆறியிருந்த பழைய எண்ணெய்ச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில், என் காலடியில் வைத்தார். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏங்கை இதக் கொட்டாது. என்னைக்கும் கொட்டாது. ஒனக்கு அம்புட்டு வேதாந்தம் தெரியும்லா? ஒங்கையால கொட்டு. வேண்டுதல் முறிஞ்சா முறிச்சது நீ. நாளைக்கு ஏந்தம்பிக்கு ஒண்ணுன்னா, இதே வாசல்ல நிப்பாட்டி ஒன்னையக் கேப்பேன். அப்பம் டாக்டரக் காட்டாத. ஒங்கையக் காட்டு."

இதற்கு நான் தயாராக வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டியை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் நிமிர்ந்தேன். ஏனென்றால் நானும் அவரைப் போலவே நம்புகிறவள்தான். ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால்? இந்தச் சட்டிக்குள் நிஜமாகவே என் புருஷன் உயிர் இருந்தால்? எண்ணெய் முறிந்தது எனக்குத் தெரியும். வேண்டுதல் எதில் முறியும், எதில் முறியாது என்று யாருக்குத் தெரியும்? அவர் நெஞ்சு எப்போது வேண்டுமானாலும் நிற்கக் கூடிய நெஞ்சு. இன்றைக்குக் கொட்டி நாளைக்கு நின்றால், ஊர் என்ன சொல்லும் என்பதை விடுங்கள், நான் என்னையே என்ன சொல்லிக்கொள்வேன்?

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. கொட்டவா?"

அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பூசாரி மாதிரி இவரும் கிணற்றைத் தேடிப் போய்விட்டார் என்று பல்லைக் கடித்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய சட்டி நிறையச் சாம்பல் இருந்தது. வாசலோரம் சாக்கடை ஓடும் வாறுகாலுக்கு இந்தப் பக்கம், மண்ணைக் காலால் ஒதுக்கிச் சின்னக் குழியாக்கி, அதில் சாம்பலைக் கொட்டினார். எண்ணெய் தெருவில் ஓடாமல் இருப்பதற்கு. அப்புறம் தள்ளி நின்றுகொண்டார்.

"ஏலே!" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் நானே தலையைக் குனிந்துகொண்டேன்.

'ஆஞ்சநேயா, பாவம் என்றால் அது என்னோடு நிற்கட்டும், அவரைத் தொடாதே' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு கொட்டினேன். அது தண்ணீர் மாதிரி விழவில்லை. நூல் நூலாக, தேன் மாதிரி இறங்கியது. சாம்பல் குடித்து முடிக்க நேரம் பிடித்தது. அடியில் கருகிய தூள் சேறு மாதிரி உட்கார்ந்திருந்தது. அதையும் வழித்துப் போட்டேன். சட்டியை நாத்தனார் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

வேண்டுதல் நிற்கவில்லை. அதை நிறுத்த நான் யார்? இப்போது வாரா வாரம் புது எண்ணெய், அதுவும் அளவாக, சின்னச் சட்டியில். அடுப்பையும் குறைத்துத்தான் வைக்கிறார், புகை இல்லை. மாலை சிறுத்துவிட்டது, நிறம் வந்துவிட்டது. தம்பிக்கு ஒரு விள்ளல் மட்டும், மீதி எல்லாம் சன்னதியிலேயே. அந்த ஒரு விள்ளலை நான் தடுக்கவில்லை. டாக்டரிடம் சொல்லவும் இல்லை.

ஆனால் மிஞ்சிய எண்ணெயை நாத்தனார் கொட்ட மாட்டார். அதைத் தாளிக்கவும் மாட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் பஸ் ஏறிப் போய்க் கொட்ட வேண்டும். வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். வா என்று சொல்வதில்லை. காப்பி கிடையாது. நான் குனிந்து கொட்டும்போது தலைக்கு மேல், "முறிச்சது யாருன்னு அவருக்குத் தெரியும்" என்று ஆஞ்சநேயரைச் சாட்சிக்கு இழுத்துச் சொல்வார். நானும், "தெரியுமே. அவருக்கு மூக்கு இருக்குல்ல" என்று அதே ஆஞ்சநேயரைச் சாட்சிக்கு இழுப்பேன். என் வீட்டுக்காரர் மதுரைப் பெரிய டாக்டரிடம் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அவர் உடம்புக்காக மட்டும் இல்லை, என் கைக்காகவும்.

நடுவில் ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சல் வேறு. என்னால் போக முடியவில்லை. நான் போகாவிட்டால் அந்த எண்ணெயை என்ன செய்வார் என்று தெரியும். பழைய சட்டிக்கே போகும். மறுவாரம் அதே எண்ணெயில்தான் வடை வேகும், கண் எரியும், நுரை கட்டும். பட்டதெல்லாம் வீண்தான் என்று நினைத்துக்கொண்டே அடுத்த சனிக்கிழமை போய் இறங்கினேன்.

வாசலில் இரண்டு தூக்கு இருந்தது. இரண்டும் மூடி வைத்து, மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு துளசிக் கொழுந்து. ஒன்றைத் திறந்தேன். கலங்காத எண்ணெய், இந்த வாரத்தது. மற்றதைத் திறந்தேன். அதுவும் கலங்காமல்தான் இருந்தது. போன வாரம் இறக்கி வைத்ததை அவர் தொடவே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு துளி இளக்கமும் இல்லை.

"என்னட்டி பாக்க? போன வாரத்துப் பாவமும் கெடக்கு. ரெண்டையும் சேத்துக் கொட்டிட்டுப் போ."